எட்டாம் கிரேடுக்குப் பிறகு



நம் சபைக் குடும்பங்களில் எத்தனை வீட்டில் பியானோ அல்லது பெரிய கீபோர்டு இருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கிற நேரத்தில், விரல்விட்டு எண்ணினோம். பதினொன்று வந்தது. அவற்றில் எத்தனை இன்றைக்கும் வாசிக்கப்படுகிறது என்று எண்ணியபோது ஒரு கையே அதிகமாக இருந்தது. மற்றவற்றின் மேல் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். குடும்பப் படம், பிளாஸ்டிக் பூ, இஸ்திரி போடாத துணி. அதற்கு மேலே சுவரில், சட்டம் போட்ட சான்றிதழ்.

இங்கே "நாங்கள்" என்று எழுதுவது இரண்டு பேர். இருவரும் நர்ஸ். ஊரில் பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு லண்டனுக்கு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. வாலிபர் கூட்டத்தை நடத்துவதால் உங்களில் பலருக்கு அக்கா. பியானோ எங்களுக்கு வாசிக்கத் தெரியாது. எங்கள் காதில் அதிகம் விழுகிற சத்தம் மருந்து ஏற்றுகிற பம்பின் அலாரம்தான். 12 மணி நேர நைட் டியூட்டி முடித்துப் படுத்தால், வீட்டுக் குளிர்பதனப் பெட்டி லேசாக முனகினாலும் "யாருக்கு டிரிப் தீர்ந்துபோச்சு?" என்று எழுந்து உட்காருவோம். எனவே இதை இசை விமரிசனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்டதையும் பார்த்ததையும் சொல்கிறோம், அவ்வளவுதான்.

கடந்த அக்டோபர் பள்ளி விடுமுறையில், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், டிராஃபல்கர் சதுக்கத்தின் மூலையில் இருக்கிற செயின்ட் மார்ட்டின் இன் த ஃபீல்ட்ஸ் ஆலயத்தில் நடந்த இலவச பியானோ ரிசைட்டலுக்கு வாலிபர் கூட்டத்திலிருந்து நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போனோம். நான்கு பேரில் மூன்று பேர் பக்கத்தில் இருக்கிற கடைகளுக்காக வந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். நான்காவது தம்பிக்கு வயது 17. அவனை நாங்கள்தான் வற்புறுத்தி வரச் சொன்னோம்.

கோடை காலத்தில் அவன் எட்டாம் கிரேடு தேர்வில் 150க்கு 134 வாங்கினான். 130 எடுத்தாலே டிஸ்டிங்ஷன். அவனுடைய அம்மா சபை முழுவதற்கும் கேக் கொடுத்தார்கள். அதே வாரம் பியானோவின் மூடி மூடப்பட்டது. "ஏன்டா தம்பி?" என்று கேட்டதற்கு, கோபமோ வருத்தமோ இல்லாமல், "முடிஞ்சிடுச்சு அக்கா" என்றான். ஏழு வயதில் தொடங்கியது. பத்து வருடம் வாரம் தவறாமல் வகுப்பு. அந்தப் பத்து வருடத்தைப் பற்றி அவனுக்குச் சொல்ல இருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

அவன் அம்மா அப்பாவின் மேல் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. ஊரில் ஆர்மோனியத்தைத் தொட்டுப் பார்க்கக்கூட வழியில்லாமல் வளர்ந்தவர்கள். இங்கே இரண்டு வேலை பார்த்து, குளிரில் காருக்குள் உட்கார்ந்து, டீச்சர் வீட்டு வாசலில் முக்கால் மணி நேரம் காத்திருந்தவர்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எட்டாம் கிரேடு டிஸ்டிங்ஷனுக்கு 30 யூகாஸ் புள்ளி உண்டு என்பது அவர்களுக்கு மனப்பாடம். புள்ளி வாங்குவதில் தப்பே இல்லை. ஆனால் அந்தத் தேர்வில் மூன்று பாட்டுக்கு 90 மதிப்பெண், ஸ்கேல்ஸுக்கு 21, பார்த்த மாத்திரத்தில் வாசிப்பதற்கு 21, காதுப் பரீட்சைக்கு 18. மொத்தம் 150 ஆகிவிடுகிறது. பத்து வருடத்தில் ஒரு நாளாவது, பரீட்சை இல்லாத ஒரு மனுஷர் வாசிப்பதைப் போய் உட்கார்ந்து கேட்டாயா என்று கேட்பதற்கு அங்கே இடமில்லை. அவன் கேட்டதில்லை. யூடியூபில் கேட்டிருக்கிறான், அதுவும் தன்னுடைய பரீட்சைப் பாட்டுகளை மட்டும்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். ஜேம்ஸ் கிப்ஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1726இல் முடிந்த ஆலயம் அது. முன்னால் பெரிய தூண்கள், அகலமான படிகள். முதல் உலகப்போர் நாட்களில் அங்கே போதகராக இருந்த டிக் ஷெப்பர்ட், போர்முனைக்குப் போகிற சிப்பாய்களும் திரும்பி வருகிறவர்களும் ஒதுங்கட்டும் என்று கதவைத் திறந்தே வைத்தாராம். வீடில்லாதவர்களைக் கவனிக்கிற ஊழியம் இன்றும் அங்கே நடக்கிறது. உள்ளே போனதும் கண்ணில் படுவது கிழக்குப் பக்கத்துச் சன்னல். வண்ணக் கண்ணாடி கிடையாது. வெறும் தெளிந்த கண்ணாடியில், தண்ணீருக்குள் பார்ப்பது போல வளைந்து நெளிந்து நிற்கிறது சிலுவை. ஈரானில் பிறந்த ஷிராஜே ஹூஷியாரி என்ற கலைஞர் செய்தது, 2008இல் வைத்தார்கள். "உடைஞ்ச மாதிரி இருக்கு" என்றாள் தங்கைகளில் ஒருத்தி. அந்தச் சன்னலுக்கு முன்னால்தான் பியானோ, மூடி திறந்து நின்றது.

நேரம் ஆவதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. அலுவலக அடையாள அட்டை கழுத்தில் தொங்கும் ஆட்கள், கைத்தடி ஊன்றிய பாட்டிமார், மழைக்கு ஒதுங்கிய சுற்றுலாப் பயணிகள். கடைசி வரிசையில் நான்கைந்து பைகளோடு ஒருவர் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். எங்கள் கண் போனது அவர் கணுக்காலுக்கு. வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. கட்டுப் போட வேண்டிய கால். யாரும் அவரை எழுப்பவில்லை. வாசலில் நின்ற தொண்டர் அவர் பைகளில் ஒன்றை மெதுவாக நடைபாதையிலிருந்து நகர்த்தி வைத்தார். இலவசம் என்பதன் அர்த்தம் எங்களுக்கு அங்கே கொஞ்சம் புரிந்தது. நாலு பவுண்டு சீட்டு என்று வைத்திருந்தால்கூட அந்த மனிதர் அந்தக் கூரைக்குக் கீழே இருந்திருக்க மாட்டார்.

இசை நிகழ்ச்சி என்றால் சாயங்காலம் என்றுதான் நினைத்திருந்தோம். மதிய நேரத்தில் வைக்கிற வழக்கம் லண்டனில் வேரூன்றியதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு, அதுவும் அந்த ஆலயத்துக்கு எதிரே இருக்கிற தேசிய ஓவியக்கூடத்தில் நடந்தது. 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் கச்சேரி மண்டபங்களை மூடிவிட்டார்கள். இரவில் ஊர் முழுக்க விளக்கணைப்பு. ஓவியங்களையெல்லாம் குண்டுவீச்சுக்குப் பயந்து வேல்ஸுக்கு அனுப்பிவிட்டதால் ஓவியக்கூடத்தில் மிச்சம் இருந்தது வெறும் சுவர். மைரா ஹெஸ் என்ற பியானோ கலைஞர் அங்கே போய், மதிய வேளையில் வாசிக்கட்டுமா என்று கேட்டார். நிர்வாகியாக இருந்த கென்னத் கிளார்க் சரி என்றார். 1939 அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கியது. நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். குண்டு விழுகிற மாதங்களில் கீழ்த்தளத்துக்கு இறங்கிப்போய் வாசித்தார்கள், நிறுத்தவில்லை. 1946 ஏப்ரல் வரை 1,698 நிகழ்ச்சிகள், வந்தவர்கள் ஏழரை லட்சத்துக்கும் மேல். அவர்களில் நர்சுகளும் இருந்திருப்பார்கள் என்று எங்களுக்குள் ஒரு நம்பிக்கை. நைட் டியூட்டி முடிந்து நேராகத் தூங்கப் போகாமல், தொப்பியைப் பைக்குள் திணித்துக்கொண்டு வரிசையில் நின்ற யாரோ இரண்டு பேர்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். குண்டு போட்டது ஜெர்மனி. மதியம் வாசித்தவற்றில் பாக், பேத்தோவன், பிராம்ஸ் இருந்தார்கள். எல்லாரும் ஜெர்மானியர். அதற்காக அவர்களை விட்டுவிடவில்லை.

பியானோ வாசிக்க வந்த பெண்ணுக்கு 23, 24 வயது இருக்கும். இசைக் கல்லூரி ஒன்றில் மேற்படிப்பு. சாதாரணக் கறுப்பு உடை, ஒப்பனை இல்லை. வந்து வணங்கினாள், உட்கார்ந்தாள், கட்டைகளைக் கைக்குட்டையால் ஒரு முறை துடைத்தாள். குளிருக்கு இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டாள். ஊசி போடுவதற்கு முன் நாங்கள் கை தேய்ப்பது போல. முன்னால் காகிதம் எதுவும் இல்லை. எல்லாம் மனப்பாடம்.

ஒரு சின்ன விஷயம். 'ரிசைட்டல்' என்ற பெயர் பியானோ கச்சேரிக்கு வந்ததே லண்டனில்தான். 1840இல் லிஸ்ட் தன் நிகழ்ச்சிக்கு அந்தச் சொல்லை வைத்தபோது, பியானோவில் எப்படி ஒப்பிப்பது என்று ஊரார் கேட்டார்களாம். ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்து வளர்ந்த நமக்கு அந்தச் சந்தேகம் வந்திருக்காது.

முதலில் பாக்கின் ஒரு முன்னிசையும் ஃபியூகும். பிறகு ஷோப்பானின் இரவு இசை ஒன்று. அழகாக இருந்தது, ஆனால் உண்மையைச் சொன்னால் எங்களில் நைட் டியூட்டி முடித்து வந்தவளுக்கு அங்கே கண் சொருகியது. மூன்றாவதாக வந்ததுதான் நாங்கள் இதை எழுதக் காரணம்: பேத்தோவனின் கடைசிச் சொனாட்டாக்களில் ஒன்று, ஏ ஃபிளாட் மேஜர், ஓபஸ் 110. கையெழுத்துப் பிரதியில் அவர் போட்டிருக்கிற தேதி 1821 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் அன்று. அந்த வருடம் அவருக்கு மஞ்சள் காமாலை. காது ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது. 51 வயது.

தொடக்கம் மிருதுவானது. இரண்டாவது பகுதி துள்ளல். அந்தக் காலத்தில் தெருவில் பாடின கேலிப் பாட்டுகளின் மெட்டு அதற்குள் இருக்கிறது என்கிறார்கள். அதில் ஒன்று பூனை குட்டி போட்டதைப் பற்றியதாம். இதை நாங்கள் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் எங்கள் வரிசையில் சிரிப்பு வந்தது. முன்வரிசைப் பாட்டி திரும்பிப் பார்த்தார். அவரும் சிரித்தார்.

மூன்றாவது பகுதியில் ஒரு புலம்பல் வருகிறது. இடது கை ஒரே சீராகத் துடிக்க, வலது கை பாடுகிறது. பாக்கின் யோவான் பாடுகளில், சிலுவைக் காட்சியில் வருகிற ஆல்ட்டோ பாடலை அந்த மெட்டு நினைவுபடுத்துவதாகச் சொல்பவர்கள் உண்டு. அது முடிந்ததும் ஒரு ஃபியூக். ஞாயிறு பள்ளியில் நாம் ரவுண்டு பாடுவோமே, ஒரு வரிசை தொடங்கினதும் அடுத்த வரிசை அதே பாட்டைப் பின்னால் பிடித்துக்கொள்ளுமே, கிட்டத்தட்ட அப்படி. படிப்படியாக ஏறுகிற ஒரு எளிய மெட்டை ஒரு குரல் தொடங்க, இன்னொரு குரல் எடுத்துக்கொள்கிறது. எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிட்டது, இனி நன்றாக முடியும் என்று தோன்றுகிற நேரத்தில் அது நின்றுபோய், அதே புலம்பல் திரும்பி வருகிறது. அரைச் சுரம் கீழே இறங்கி, முன்பைவிடப் பலவீனமாக. பேத்தோவன் அந்த இடத்தில் "களைத்துப்போய்" என்று பொருள்படும் வார்த்தையை எழுதி வைத்திருக்கிறார்.

இந்த இரண்டாம் புலம்பலில் மெட்டு முழுதாக வருவதில்லை. இடையிடையே சின்னச் சின்ன நிறுத்தங்கள். ஒரு சுரம், இடைவெளி, இரண்டு சுரம், மறுபடி இடைவெளி. இசை படித்தவர்கள் இதற்கு என்ன பெயர் சொல்வார்களோ, எங்களுக்கு அது வேறு இடத்தில் பழக்கமானது. மூச்சுத் திணறலோடு ஒருவர் வார்டுக்கு வந்தால் நாங்கள் முதலில் கவனிப்பது மானிட்டரை அல்ல. ஒரே மூச்சில் முழு வாக்கியம் பேச முடிகிறதா, இரண்டு மூன்று சொல்லுக்கு ஒரு முறை நிற்கிறாரா என்று கேட்போம். "எனக்கு... தண்ணி... கொஞ்சம்..." என்று வந்தால் டாக்டரை உடனே கூப்பிடுவோம். அந்தப் பெண்ணின் வலது கை அப்படித்தான் பேசியது. 200 வருடத்துக்கு முன்னால் ஒரு செவிடர் இதை எப்படிக் கேட்டார் என்று எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை. தன் நெஞ்சுக்குள் கேட்டிருப்பார்.

அந்த வாரம் எங்களுக்கு லேசான வாரம் இல்லை. என்ன, யார் என்று எழுதக் கூடாது, எழுதவும் மாட்டோம். நர்ஸ் வேலையில், ஒருவருடைய கையைக் கடைசி வரை பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த பத்தாவது நிமிடம் பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குச் சிரித்த முகத்தோடு மாத்திரை கொடுக்க வேண்டியிருக்கும். வீட்டுக்கு வந்தால் சமைக்க வேண்டும். அழுவதற்கென்று ஷிஃப்ட் அட்டவணையில் நேரம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். அன்று மதியம் எங்களில் ஒருத்தி கைப்பைக்குள் கைக்குட்டை தேடினாள். இன்னொருத்தி அதைப் பார்க்காதது போல சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எங்கள் தொழில் மரியாதை.

அந்தப் புலம்பலின் கடைசியில் ஒரு விசித்திரம் நடக்கிறது. மெட்டு ஓய்ந்துபோய், ஒரே ஒரு கூட்டுச் சுரம், அதுவும் பிரகாசமான மேஜர் கூட்டு, மெதுவாக ஒலிக்கிறது. மறுபடியும் அதே. மறுபடியும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பலமாக. மெட்டு கிடையாது, அலங்காரம் கிடையாது, ஒரே கூட்டு. எத்தனை தடவை என்று பிறகு பேசிக்கொண்டபோது ஒன்பது என்றார்கள் சிலர், பத்து என்றார்கள் சிலர். ஆலயத்தில் ஒரு இருமல்கூட இல்லை. அது தேய்கிற இடத்தில் ஃபியூக் திரும்புகிறது. ஆனால் சத்தம் மிகக் குறைவு. அந்தப் பெண் இடது பெடலை மிதித்தபடி வாசித்தாள். அதை மிதித்தால் சுத்தியல் கொஞ்சம் நகர்ந்து குறைவான கம்பிகளில் படும், சத்தம் மெலிந்துவிடும். பேத்தோவன் இங்கே எழுதியிருப்பது "கொஞ்சம் கொஞ்சமாக மறுபடியும் உயிர் பெற்று" என்ற அர்த்தத்தில்.

அப்போது எங்கள் பக்கத்தில் இருந்த தம்பி முன்னால் சாய்ந்து, நிகழ்ச்சி நிரல் காகிதத்தின் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டான். ஏறுகிற கோடு. அதற்குக் கீழே இறங்குகிற கோடு. காகிதத்தை எங்கள் பக்கம் தள்ளி, "தலைகீழா வருது அக்கா" என்றான், சத்தமில்லாமல் உதட்டால். முதல் தடவை ஏறின அதே மெட்டு இப்போது இறங்குகிறது. அவன் சொல்லாமல் எங்களுக்கு அது தெரிந்திருக்காது. பத்து வருடம் தியரி புத்தகத்தில் படித்தது அவனுக்கு ஒரு பொருளாகக் கையில் வந்து விழுந்த நிமிடம் அதுதான் என்று நினைக்கிறோம். முகம் சிவந்திருந்தது.

எங்களுக்கு வேறொன்று தோன்றியது. நோயாளி தேறுவது சினிமாவில் வருவது போல இருக்காது. கண் விழித்து, "நான் எங்கே இருக்கிறேன்?" என்று கேட்டு, எழுந்து உட்கார மாட்டார்கள். முதலில் ஒரு மணி நேரச் சிறுநீர் அளவு கொஞ்சம் கூடும். அடுத்த நாள் இரண்டு ஸ்பூன் சூப். பிறகு கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு ஐந்து நிமிடம். பல பேருக்குப் பழைய நடை திரும்புவதில்லை. வேறொரு நடை வரும், அதைக் கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அந்த ஃபியூக் அப்படித்தான் எழுந்து நடந்தது. முதலில் தயங்கி, பிறகு வேகம் பிடித்து, கடைசியில் கட்டைகள் முழுவதையும் வாரிக்கொண்டு ஏறி முடிந்தது. உடனே யாரும் கைதட்டவில்லை. இரண்டு மூன்று வினாடி. அதன் பிறகு தட்டினார்கள். பின்வரிசையில் தூங்கினவரும் எழுந்து உட்கார்ந்து தட்டினார்.

கூட்டம் விடாததால் அவள் இன்னொன்று வாசித்தாள். பாக்கின் 147ஆம் கான்டாட்டாவிலிருந்து மைரா ஹெஸ் பியானோவுக்கு எழுதிய பாடல். ஹெஸ் அதை 1926இல் வெளியிட்டார், போர்க்கால மதியங்களில் அவரே வாசித்ததும் உண்டு. நம் கல்யாணங்களில் மணப்பெண் நடந்துவரும்போது கீபோர்டில் போடுகிற இசைதான், கேட்டால் எல்லாருக்கும் தெரியும். மேலே ஓடிக்கொண்டே இருக்கிற மும்மூன்று சுரங்களைத்தான் நாம் மெட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையான பாமாலை மெட்டு நடுவில் மெதுவாக நடக்கிறது. அது பாக் போட்டதல்ல, அவருக்கும் முந்தின யோஹான் ஷோப் என்பவருடையது. ஓடுகிற சுரங்களுக்கு நடுவில் அதை மறைத்துவிடாமல் விரலால் எடுத்துக் காட்டுவதுதான் கஷ்டமாம்.

ஜெர்மானிய மெட்டு நமக்கு அந்நியமும் அல்ல. சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது பாக்குக்கு 21 வயது. பிறகு வந்த ஃபாப்ரிசியுஸ் ஐயர் ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கினார். பெரிய வெள்ளியன்று நம் பாட்டிகள் கண்ணீரோடு பாடுகிற பாட்டின் மெட்டு, பாக்கின் மத்தேயு பாடுகளில் திரும்பத் திரும்ப வருகிற அதே மெட்டு.

முடிந்து வெளியே வரும்போது வாசலில் காணிக்கைத் தட்டு. அந்தப் பெண் ஓரமாக நின்று பாட்டிமாரிடம் பேசிக்கொண்டிருந்தாள். தம்பி போவதா வேண்டாமா என்று இரண்டு தூணுக்கு நடுவில் நின்றான். நாங்கள் அவனைத் தள்ளிவிடவில்லை. தானாகவே போனான். அந்தப் பாடல் எந்த கிரேடு என்று கேட்டானாம். கிரேடு புத்தகத்தில் அது கிடையாது என்று அவள் சிரித்திருக்கிறாள். ஒரு நாளைக்கு நான்கைந்து மணி நேரப் பயிற்சி, வாரத்தில் மூன்று சாயங்காலம் முதல் கிரேடு பிள்ளைகளுக்கு வகுப்பு, பாடகர்களுக்குப் பக்கவாசிப்பு, அதில்தான் வாடகை. இந்தச் சொனாட்டாவை ஆட்கள் முன்னால் வாசித்தது அன்றுதான் முதல் தடவையாம். காசு வராத இடத்தில் ஏன் வாசிக்கிறீர்கள் என்று பச்சையாகவே கேட்டிருக்கிறான். தமிழ்ப் பிள்ளை அல்லவா. அவள் சொன்னதை அவன் எங்களிடம் ரயிலில் சொன்னான்: அந்த ஒரே கூட்டுச் சுரத்தைத் தனி அறையில் எத்தனை நாள் வேண்டுமானாலும் பழகலாம், ஆனால் முன்னால் ஆட்கள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால்தான் அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியும். அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது. அப்படியானால் நாங்கள் ஆறு பேரும், பின்வரிசைக்காரரும், சும்மா உட்கார்ந்திருந்தே அவளுக்கு ஏதோ கொடுத்திருக்கிறோம்.

அடுத்த ஞாயிறு வாலிபர் கூட்டத்தில் இதைப் பகிர்ந்துகொண்டபோது, நம் மூப்பர் ஒருவர் நியாயமான கேள்வி கேட்டார். வார்த்தை இல்லாத இசையில் என்னம்மா இருக்கிறது, பூனைப் பாட்டெல்லாம் ஆலயத்தில் வாசிக்கலாமா? பூனைக்கு எங்களிடம் பதில் இல்லை. வார்த்தைக்கு உண்டு. 1 சாமுவேல் 16ஆம் அதிகாரத்தில் தாவீது சவுலுக்கு முன்னால் சுரமண்டலத்தைக் கையால் வாசித்தார் என்று இருக்கிறது, பாடினார் என்று இல்லை. சவுலுக்கு ஆறுதல் உண்டாயிற்று. 2 இராஜாக்கள் 3இல் எலிசா தீர்க்கதரிசி கேட்டதும் ஒரு வாத்தியக்காரனைத்தான். மூப்பர் ஐயா வேதப்புத்தகத்தைத் திறந்து இரண்டையும் பார்த்துவிட்டு, "சரி, அடுத்த தடவை நானும் வர்றேன்" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: லண்டனில் பல ஆலயங்களில் இப்படி மதிய இசை நடக்கிறது, மற்ற நகரங்களிலும் தேடினால் கிடைக்கும். நாளும் நேரமும் மாறும், கிளம்புவதற்கு முன் அந்தந்த ஆலயத்தின் அறிவிப்பைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பகுதிகளுக்கு இடையில் கைதட்ட வேண்டாம். சந்தேகமாக இருந்தால் பாட்டிமார் தட்டும்வரை பொறுங்கள். போனை வெறுமனே அதிரவிடாமல் முழுவதுமாக அணைத்துவிடுங்கள். சாப்பாட்டை முன்னாலேயோ பின்னாலேயோ சதுக்கத்துப் படிகளில் முடித்துக்கொள்ளுங்கள். புறாக்கள் புளிச்சோற்றையும் விடாது. இலவசம் என்றாலும் தட்டில் ஏதாவது போடுங்கள். வாசித்த பிள்ளை அன்று சாயங்காலம் முதல் கிரேடுக்குப் பாடம் எடுக்கப் போகிறது.

தம்பி பியானோவுக்குத் திரும்பிவிட்டானா என்று கேட்பீர்கள். கணக்கும் வேதியியலும்தான் இந்த வருடம் அவனுக்கு, மருத்துவ விண்ணப்பமும் போயிருக்கிறது. நம் சபையில் இன்னும் பதிவு செய்த இசையைப் போட்டுத்தான் பாடிக்கொண்டிருக்கிறோம். நாங்கள் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. போன வாரம் அவனுடைய அம்மா போன் செய்தார்கள்.

"ஏம்மா, நீங்க ரெண்டு பேரும் அவனை எங்கம்மா கூட்டிட்டுப் போனீங்க? ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் மேலே இருந்த துணியெல்லாம் எடுத்து சோபாவில போட்டுட்டு உட்கார்ந்துக்கிறான். பாட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரே இடத்தையே மறுபடி மறுபடி அமுக்கிக்கிட்டு இருக்கான். பரீட்சைகூட இல்லியேம்மா இப்போ?"

சத்தமாகவா, மெதுவாகவா என்று கேட்டோம்.

"மெதுவாத்தான் ஆரம்பிக்கிறான்" என்றார்கள்.